யாருக்குச் சாவி கொடுப்பது? நாள் வாடகை வீட்டுக்கு ஆள் பார்க்கும் நான்கு வழிகள்

போன இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஏற்காட்டில் மாடி எடுத்துக் கட்டியிருக்கிறார், இன்னொருவருக்குப் புதுச்சேரியில் தாத்தா விட்டுப்போன வீடு, மூன்றாமவர் கொடைக்கானலிலேயே பெருமாள்மலைப் பக்கம் காட்டேஜ் வாங்கியிருக்கிறார். மூவருக்கும் வீடு தயார், மெத்தை வந்துவிட்டது, கீசர் மாட்டியாகிவிட்டது, போட்டோகூட எடுத்துவிட்டார்கள். முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான்: வருகிறவர்களில் யாரை உள்ளே விடுவது, யாரை வேண்டாம் என்பது, அதை அவர்கள் வண்டி வாசலில் நிற்பதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கும் கொடைக்கானலில், வில்பட்டி போகிற வழியில் இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது. ஆறு பேர் தங்கலாம். நாங்கள் இருப்பது மதுரையில். ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே ஏதாவது என்றால் நான் மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் கேர்டேக்கரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கீழே சொல்லும் நான்கு வழியையும் இந்த வீட்டை வைத்துத்தான் பார்த்தேன், சிலதில் கையையும் சுட்டுக்கொண்டேன்.

நான்கு வழி எவை என்றால்: ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் மாதிரி தங்குமிட ஆப்பில் கெஸ்ட் பட்டனைத் தட்டியதும் புக்கிங் உறுதியாகிவிடும் உடனடி முன்பதிவு, கெஸ்ட் கேட்க, நாம் பார்த்துச் சரி என்று சொல்லும் ஒப்புதல் முறை, ஆப்பே வேண்டாம் என்று போனிலும் வாட்ஸ்அப்பிலும் நேரடியாக எடுப்பது, ஊரில் இருக்கும் புரோக்கர் ஆள் அனுப்புவது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, வருகிறவரைப் பற்றிய விவரம் நமக்கு எப்போது கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்ல முடிகிற நேரத்திலா, சொல்ல முடியாத நேரத்திலா. இரண்டாவது, வேண்டாம் என்று சொன்னால் நமக்கு என்ன செலவு. இது எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. மே மாதச் சனிக்கிழமையில் ஒருவரை மறுத்தால் ஒரு மணி நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார், ஜூலைச் செவ்வாய்க்கிழமையில் மறுத்தால் அந்த ராத்திரி காலிதான். மூன்றாவது, ஏதாவது உடைந்தால் பணம் எங்கிருந்து வரும். நான்காவது, அடையாள அட்டை, ரிஜிஸ்டர், வெளிநாட்டவர் என்றால் அவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கிற ஃபார்ம் சி என்று இருக்கிற காகித வேலை யார் தலையில். ஐந்தாவது நம் தூக்கம், அதாவது ராத்திரி பத்து மணிக்கு வருகிற "ப்ரோ ரூம் இருக்கா" மெசேஜுக்கு யார் பதில் சொல்வது.

இந்த ஐந்தையும்விட முன்னால் நிற்பது ஒன்று உண்டு: வீட்டிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள். மாடியில் கெஸ்ட், கீழே நீங்கள் என்றால் பாதிக் கவலை தேவையே இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்தான் புக்கிங் நேரத்திலேயே எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அவருக்கு அதற்கப்புறம் வேறு சந்தர்ப்பம் இல்லை.

## "ஃபேமிலி மட்டும்" என்று போர்டு வைப்பது பற்றி

வழிகளுக்குள் போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று பேருமே முதலில் சொன்னது "பேச்சுலர்ஸ் வேண்டாம், ஜோடி வேண்டாம், ஃபேமிலி மட்டும்னு போட்டா போதும்ல?" என்பதுதான்.

எங்கள் வீட்டில் இதுவரை நடந்த பெரிய சேதம் ஒரு ஃபேமிலி செய்ததுதான். புக்கிங்கில் ஆறு பேர் என்று இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டெம்போ டிராவலர், பின்னாலேயே ஒரு இன்னோவா. இறங்கியவர்கள் பத்தொன்பது பேர். குடும்பத்துப் பெரியவருக்கு அறுபதாவது பிறந்தநாள், கூடவே ஒரு சமையல்காரர், கேஸ் அடுப்பு, பிரியாணி அண்டா. மழை பிடித்துக்கொண்டதும் அடுப்பை ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தம் போட்டு இறக்கிய அண்டாவை ஒரு பிரிமணைகூட வைக்காமல் பலகைத் தரையில் அப்படியே இறக்கியிருக்கிறார்கள். கறுப்பு வட்டம் இன்றைக்கும் இருக்கிறது, மேலே ஜமுக்காளம் போட்டு மறைத்திருக்கிறோம். கேர்டேக்கர் போன் செய்தபோது பின்னால் ஒரு பாட்டி "தம்பிக்கும் ஒரு பிளேட் போடுங்கடா" என்று சொல்வது கேட்டது. நல்ல மனிதர்கள். ஆனால் ஆறு பேர் வீட்டில் பத்தொன்பது பேர்.

அதே மாதம் நாலு கல்லூரிப் பையன்கள் வந்துபோனார்கள். கம்பளியை மடித்து வைத்துவிட்டு, மீந்த டீத்தூளை ரப்பர் பேண்ட் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்காகப் பையன்கள் எல்லாம் தங்கம் என்று சொல்லவரவில்லை, வேறு ஒரு கும்பல் கண்ணாடிக் கதவையே கழற்றியதும் உண்டு. கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்பதை வைத்து வீடு எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை, எத்தனை பேர், எதற்காக வருகிறார்கள் என்பதை வைத்து ஓரளவு சொல்ல முடிகிறது.

ஜோடி விஷயத்தில் சட்டமும் பலர் நினைக்கிற மாதிரி இல்லை. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும் இன்னொரு அறையில் மது பாட்டில் இருந்ததையும் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி சீலை எடுக்க உத்தரவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது தாலி இல்லை, வயது. வருகிற ஒவ்வொருவருக்கும் 18 ஆகியிருக்கிறதா, ஆகாதவர் என்றால் கூட வருவது பெற்றோரா என்பதை அட்டையில் பார்த்தே ஆக வேண்டும், புக் செய்தவர் ஒருவருடைய அட்டை போதாது.

இன்னொன்று. பெயரைப் பார்த்து மதம், ஊரைக் கேட்டு சாதி என்று வடிகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏர்பிஎன்பியின் பாகுபாடு விதியில் மதம், இனம் போன்றவற்றோடு சாதியும் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது, புகார் போனால் ஆப்பில் இருக்கிற நம் வீட்டு விளம்பரமே (லிஸ்டிங்) போய்விடும். விதி இல்லாவிட்டாலும் அது கேவலமான வேலை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

## 1. உடனடி முன்பதிவு

கெஸ்ட் தேதியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் முடிந்தது, நமக்கு "புக்கிங் வந்திருக்கிறது" என்று செய்திதான் வரும். புக்கிங் டாட் காமில் பெரும்பாலும் இப்படித்தான். ஏர்பிஎன்பியில் நாமாக இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறக்கிற வேலை என்று பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அவ்வளவு மோசமில்லை. ஏர்பிஎன்பியில் ஏற்கெனவே தங்கிப் பிரச்சினை இல்லாமல் போனவர்கள் மட்டும் உடனே புக் செய்யலாம், மற்றவர்கள் கேட்டுத்தான் வர வேண்டும் என்று ஒரு வடிகட்டி வைக்கலாம். புக் செய்யும்போதே அவர்கள் படிக்கிற மாதிரி ஒரு செய்தியும் எழுதி வைக்கலாம்: எத்தனை பேர், எந்த வண்டி, எதற்காக வருகிறீர்கள் என்று. பதில் எழுதுகிற விதத்திலேயே பாதி ஆளைத் தெரிந்துவிடும். வருகிறவரே "இருபது பேர் கெட் டுகெதர்" என்று எழுதிவிட்டால், வீட்டு விதியை மீறப் போகிறார் என்ற காரணத்தைக் காட்டி அபராதமில்லாமல் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. அவர் எழுத வேண்டும் என்பதுதான் சிக்கல். எழுதாமல் வருகிறவரை வாசலில்தான் சந்திப்பீர்கள்.

மறைந்திருக்கிற செலவு வேறு இடத்தில். இரண்டு ஆப்பில் வீட்டைப் போட்டு, இரண்டிலும் உடனடி முன்பதிவை வைத்து, காலண்டரை ஒன்றோடொன்று இணைத்திருந்தால், ஒன்றில் வந்த புக்கிங் மற்றதில் அடைபடச் சில மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் எனக்கு ஒரு ஆயுத பூஜை விடுமுறையில் ஒரே ராத்திரிக்கு இரண்டு குடும்பம் புக் ஆனது. ஒருவரை ரத்து செய்ய நான் அபராதம் கட்டினேன், அவருக்கு வேறு இடம் பிடித்துக் கொடுத்து அதற்கும் மேற்கொண்டு கட்டினேன். பணம் கட்டாமலே புக் செய்து, வந்து கொடுக்கிறேன் என்கிற வகையில் வராமலே போகிறவர்களும் உண்டு.

இது யாருக்கு நல்லது: வீட்டின் ஒரு பகுதியில் நீங்களே குடியிருக்கிறவர், ஒரே ஒரு அறையை விடுகிறவர், புதிதாகத் தொடங்கி இன்னும் ஒரு ரிவ்யூகூட இல்லாதவர், சீசன் இல்லாத மாதங்களில் வீடு சும்மா கிடக்கிறதே என்று இருப்பவர்.

## 2. கேட்டு, பார்த்து, சரி சொல்வது

ஏர்பிஎன்பியில் ஒருவர் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தக் கோரிக்கை காலாவதியாகிவிடும், நம் பதில் விகிதமும் இறங்கும். நல்ல வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி கொடுக்கிற சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்கு அந்த விகிதம் 90 சதவீதம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதும் பதில்தான், ஆகவே மறுக்கப் பயப்படாதீர்கள், சும்மா இருக்கத்தான் பயப்பட வேண்டும்.

கையில் என்ன கிடைக்கிறது? அவருடைய பெயர், எப்போதிலிருந்து கணக்கு வைத்திருக்கிறார், முன்னால் தங்கிய வீட்டுக்காரர்கள் எழுதியது, அவர் எழுதிய செய்தி. போட்டோ கிடைக்காது. 2018 முதல் புக்கிங் உறுதியான பிறகுதான் போட்டோ தெரியும்படி மாற்றிவிட்டார்கள், முகத்தைப் பார்த்து மறுக்கிறார்கள் என்ற புகாரால் வந்த மாற்றம். எனக்கு இதனால் எந்த நஷ்டமும் தெரியவில்லை.

ரிவ்யூவைப் படிக்கும்போது ஒன்று: நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், வாக்கியத்தைப் படியுங்கள். வீட்டுக்காரர்களும் மனிதர்கள்தான், சண்டை வேண்டாம் என்று ஐந்து நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு "கலகலப்பான குழு" என்று எழுதியிருப்பார்கள். கலகலப்பு என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் ஒரு வருடம் இருந்தவருக்குத் தெரியும். நீங்களும் எழுதும்போது உள்ளதை எழுதுங்கள். இரண்டு பேரும் எழுதிய பிறகோ 14 நாள் முடிந்த பிறகோதான் ரிவ்யூ வெளியே தெரியும், அதனால் பதிலுக்குப் பதில் போட்டுவிடுவாரோ என்ற பயம் வேண்டியதில்லை.

நான் கேட்பது மூன்று கேள்வி. குழந்தைகளையும் டிரைவரையும் சேர்த்து மொத்தம் எத்தனை பேர்? எத்தனை வண்டி, என்ன வண்டி? என்ன விசேஷமாக வருகிறீர்கள்? டிரைவரைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, டிரைவர் எங்கே படுப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை, ராத்திரி பத்து டிகிரி குளிரில் அவர் வண்டிக்குள் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு கேர்டேக்கர் தன் அறையில் இடம் கொடுத்த கதைகள் நிறைய.

வண்டிக் கேள்விக்குக் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். வண்டிக்கு ஒன்று. அதில் வண்டி எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையும் கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். "கிளம்பும் முன் இ-பாஸை அனுப்பிவிடுங்கள், கேட்டில் சொல்லிவைக்கிறேன்" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது. ஆறு பேர் என்று சொன்னவரிடமிருந்து மூன்று பாஸ் வந்தால் நமக்கு விஷயம் புரிந்துவிடும். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பே வைத்தார்கள், அப்போது பாஸ் எடுக்காமல் அறையை மட்டும் புக் செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து கேட்டவர்களும் உண்டு. அதனால் சீசனில் பாஸ் கையில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

சரி, எந்த மெசேஜைப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்குகிறது? "பக்கத்தில வீடு எதுவும் இருக்கா?" "கேர்டேக்கர் நைட் அங்கேயே இருப்பாரா?" "பாக்ஸ் வெச்சா பிரச்சினை இல்லையே?" இவை மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்தால் விசேஷம் என்ன என்று கேட்கவே வேண்டாம். வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று மலைக்குக் கீழே பக்கத்து ஊர்களிலிருந்து ஒரே ஒரு சனிக்கிழமை ராத்திரிக்கு, அன்றைக்கு மத்தியானம் கேட்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் "காளான் கிடைக்குமா" என்று கண்ணடிக்கிற பொம்மையோடு ஒரு மெசேஜ் வரும், அவர் கேட்பது சமையல் காளான் இல்லை, போதைக் காளான். கொடைக்கானலில் போலீஸ் இந்த விஷயத்தில் சோதனை போடுகிறது, 2020 பிப்ரவரியில் குண்டுப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த ராத்திரிப் பார்ட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தார்கள், இடம் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான் வம்பு.

இந்த வழியின் செலவு, நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் அடுத்த வீட்டை புக் செய்துவிடுவார். உடனே புக் ஆகிற வீடுகள் மட்டும் காட்டு என்று தேடுகிறவர்கள் கண்ணில் நாம் படவே மாட்டோம். அரை மணி நேரத்துக்குள் பதில் போட முடிகிறவருக்கு முதல் பிரச்சினை பாதி குறைந்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஆளுக்கு இந்த வழி சரிவராது.

சேதம் என்று வந்தால் இந்த இரண்டு வழியிலும் ஆப்பின் பாதுகாப்பு இருக்கிறது. ஏர்பிஎன்பி 30 லட்சம் டாலர் வரை என்று சொல்கிறது, அந்தத் தொகையைக் கேட்டு மயங்காதீர்கள். கெஸ்ட் கிளம்பிய 14 நாளுக்குள் போட்டோவோடும் பில்லோடும் கேட்க வேண்டும், முதலில் கெஸ்ட்டிடம் கேட்டு, 24 மணி நேரத்தில் அவர் கொடுக்காவிட்டால்தான் அவர்கள் தலையிடுவார்கள். அந்தப் பலகைத் தரைக்கு என்னிடம் முன்னால் எடுத்த போட்டோ இல்லை, அதனால் ஒரு பைசாவும் வரவில்லை. இப்போது ஒவ்வொரு கெஸ்ட் வருவதற்கு முன்னும் கேர்டேக்கர் வீட்டைச் சுற்றி ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பிவிடுவார், தேதியோடு கிடக்கும்.

## 3. நேரடியாக, போனிலும் வாட்ஸ்அப்பிலும்

கமிஷன் இல்லை, பேசிப் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம். இரண்டு நிமிடம் போனில் பேசினால் எவ்வளவு தெரிகிறது என்பது ஆச்சரியம். பின்னால் மனைவி "மெத்தை சுத்தமா இருக்குமான்னு கேளுங்க" என்று சொல்வது கேட்டாலே எனக்கு நிம்மதி. எங்கள் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிற ஏழெட்டுக் குடும்பங்கள் இப்படித்தான் வருகின்றன, அவர்கள் அனுப்புகிற ஆட்களும் அப்படியே. தெரிந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர் ஒரு டம்ளரை உடைத்தால்கூடச் சொல்லிவிட்டுப் போகிறார்.

முன்பின் தெரியாதவர் நேரடியாக வரும்போதுதான் கவனம். ஆப் இல்லை என்றால் ரிவ்யூ இல்லை, சேதத்துக்கு யாரும் இல்லை, எல்லாம் நீங்கள்தான். அட்வான்ஸை யுபிஐயில் வாங்குங்கள், அனுப்புகிறவரின் வங்கிக் கணக்குப் பெயர் தெரியும். அது அடையாள அட்டைப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் கேளுங்கள், "நண்பர் அனுப்பினார்" என்பது சாதாரணம்தான், அந்த நண்பரும் வருகிறாரா என்று அடுத்துக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள், கணக்கில் வரவாகிவிட்டதா என்று பாருங்கள். டெபாசிட் வாங்க முடிவது இந்த வழியில்தான், ஏர்பிஎன்பியில் நம்மைப் போன்றவர்கள் தனியாக வசூலிக்க முடியாது. நான் 3,000 வாங்குகிறேன், கிளம்பிய அன்று மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் இருநூறு முந்நூறு பிடித்துக்கொண்டு ஒரு நல்ல குடும்பத்தை இழந்ததும் உண்டு, ஒரு தலையணை உறைக்காக. இப்போது சின்னச் சேதத்துக்குப் பிடிப்பதில்லை.

இந்த வழியில் வீட்டுக்காரரையே ஏமாற்றுகிற ஒரு வகை இருக்கிறது. ராணுவத்தில் இருக்கிறேன், துணை ராணுவத்தில் இருக்கிறேன் என்று ஒருவர் கூப்பிடுவார். ஐந்து நாள் வேண்டும் என்பார், வாடகையில் பேரமே பேச மாட்டார், வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார், கேட்காமலே அடையாள அட்டைப் படத்தை அனுப்புவார். அப்புறம் "எங்கள் ஆபீஸ் கணக்கிலிருந்துதான் பணம் வரும், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்போம்" என்பார். பணம் வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் நம்பர் போடத் தேவையில்லை. போட்டால் நம் பணம்தான் போகும். எனக்குத் தெரிந்த இரண்டு காட்டேஜ்காரர்கள் இதில் விட்டிருக்கிறார்கள்.

ஆப்பில் கேட்டவரை "வாட்ஸ்அப்பில் வாங்க, குறைத்துத் தருகிறேன்" என்று வெளியே இழுக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஆப் விதிக்கு விரோதம் என்பதோடு, அந்த ஆளை வடிகட்டுவதற்கு உங்களிடம் இருந்த ஒரே சாதனத்தையும் நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள்.

## 4. ஊர் புரோக்கர்

மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி "ரூம் வேணுமா சார்" என்று கேட்பவர்கள் அனுப்பும் ஆட்கள். ஆளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது, பத்து நிமிடத்தில் வந்து நிற்பார்கள். புரோக்கருக்கு அறை நிரம்பினால் கமிஷன், அதற்கப்புறம் என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. நம் வாடகை மூவாயிரம் என்றால் கெஸ்ட்டிடம் ஐயாயிரம் வாங்கியிருப்பார், அந்தக் கோபத்தையும் கெஸ்ட் நம்மிடம்தான் காட்டுவார்.

ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். நாலைந்து வருடமாகப் பழகிய ஒருவர், ஆள் அனுப்பும் முன் போன் செய்து "அண்ணே, நாலு பேரு, கரூர்க்காரங்க, வயசான அம்மா இருக்காங்க" என்று சொல்கிறவர் இருந்தால், அவர் ஒரே பார்வையில் பார்த்துச் சொல்வது எந்த ஆப்பிலும் கிடைக்காது. நவம்பர் மழையில் வாரநாளில், கேர்டேக்கர் இருக்கும்போது மட்டும் எடுப்பேன்.

## எந்த வழியில் வந்தாலும் வாசலில்

இந்தப் பகுதிக்கு நான்கு வழிக்கும் வித்தியாசமில்லை. ஆப் அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டது என்பதால் உங்கள் ரிஜிஸ்டர் நிரம்பிவிடாது. பெயர், முகவரி, போன், வண்டி எண், எத்தனை பேர், கையெழுத்து. ஸ்டேஷனிலிருந்து வந்தால் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான்.

ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் படமாகச் சேர்த்தும் வைக்காதீர்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்டவரிடம் நகல் கொடுக்காதீர்கள் என்று அறிவிப்பு விட்டு, இரண்டே நாளில் அதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கலாம். அறிவிப்பு போனாலும் ஆபத்து போகவில்லை. கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் போதும், டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. அசலைப் பார்த்து, பெயரையும் கடைசி நாலு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும், ஊரில் எல்லோரும் ஃபார்ம் சி என்று சொல்வது இதைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வந்து தங்குகிற வட்டக்கானலில் வீடு விடுகிறவர்களுக்கு இது மனப்பாடம். மற்றவர்கள் சறுக்குவது எங்கே என்றால், யாழ்ப்பாணத்திலிருந்தோ பினாங்கிலிருந்தோ வருகிற குடும்பம் நம்மோடு தமிழில் பேசிக்கொண்டே உள்ளே வந்துவிடும், வெளிநாட்டவர் என்ற நினைப்பே வராது. பாஸ்போர்ட் இலங்கையோ மலேசியாவோ என்றால் ஃபார்ம் சி உண்டு.

கேமராவை கேட்டிலும் வாசலிலும் வையுங்கள், வைத்திருப்பதை லிஸ்டிங்கில் எழுதுங்கள். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமராவை முழுக்கத் தடை செய்துவிட்டது. எங்கள் கேர்டேக்கருக்குக் கேமராவைவிட நம்பிக்கையான முறை ஒன்று இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொடுக்கப் போகிற சாக்கில் வாசலில் செருப்பை எண்ணிவிட்டு வருவார். "ஆறு பேருக்குப் பதினோரு ஜோடி கிடக்கு சார்" என்று போன் வந்தால், அப்போதே மரியாதையாகப் பேசி, அதிகப்படி ஆட்களுக்கு வேறு அறை பிடித்துக் கொடுத்துவிடுவோம். பன்னிரண்டு மணிக்குப் பேசினால் சண்டையாகும்.

## ஒரே பார்வையில்

| | உடனடி முன்பதிவு | ஒப்புதல் முறை | நேரடி | புரோக்கர் |
|---|---|---|---|---|
| விவரம் எப்போது | புக் ஆன பிறகு | புக் ஆகும் முன் | முன்பே, நீங்கள் கேட்டால் | வாசலில் |
| மறுத்தால் செலவு | அபராதம் வரலாம் | பதில் போட்டால் பெரிதாக இல்லை | இல்லை | புரோக்கரின் கோபம் |
| சேதமானால் | ஆப், ஆதாரம் இருந்தால் | ஆப், ஆதாரம் இருந்தால் | டெபாசிட் அளவு | உங்கள் பாடு |
| மறைந்த செலவு | இரட்டை புக்கிங், வராமல் போவது | நழுவிப்போகும் கெஸ்ட் | மோசடி, நேரம் | கெஸ்ட்டின் எரிச்சல் |
| எப்போது ஏற்றது | நீங்கள் அங்கேயே இருந்தால், மந்த மாதங்களில் | முழு வீடு, நீங்கள் தூரத்தில் | பழகியவர், அவர் அனுப்பியவர் | மழைக்கால வாரநாள் |

## அந்த மூன்று பேருக்கு நான் சொன்னது

ஏற்காட்டுக்காரர் கீழ்வீட்டில் குடியிருக்கிறார், மாடிக்குப் போகிற படி அவர் ஹால் ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. அவருக்கு உடனடி முன்பதிவு, நல்லபடியாகத் தங்கிப்போனவர்கள் மட்டும் என்ற வடிகட்டியோடு. அதற்கு மேல் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றேன்.

புதுச்சேரி வீடு கஷ்டம். உரிமையாளர் சென்னையில், வீட்டில் யாரும் இல்லை, ஊரே வார இறுதியில் எதற்காக நிரம்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்புதல் முறை, குறைந்தது இரண்டு ராத்திரி, பக்கத்து வீட்டில் மாதம் ஒரு தொகை கொடுத்துச் சாவி கொடுக்கவும் ஆளை எண்ணவும் ஒருவர். ஆள் கிடைக்காதவரை நாள் வாடகைக்கே விடாதீர்கள், மாத வாடகைக்கு விடுங்கள் என்று சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை.

பெருமாள்மலைக்காரருக்கு என் ஏற்பாட்டையே சொன்னேன். ஏப்ரல், மே, பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் என்றால் ஒப்புதல் முறை. மற்ற மாதங்களில் உடனடி முன்பதிவுக்கு மாற்றிவிடுவேன், ஆப்பில் ஒரு பட்டன்தான். பழையவர்களுக்கு எப்போதும் நேரடி. இரண்டாவது ஆப்பில் உடனடி முன்பதிவைச் சீசனில் அடைத்துவிடுவேன், ஆயுத பூஜையில் பட்டது போதும்.

"டிசம்பர் 31-க்கு?" என்று கேட்டார். அன்றைக்கு இந்த நான்கில் எதுவும் சரிவரவில்லை. இரண்டு வருடம் முயன்று பார்த்தேன், அவ்வளவு நன்றாகப் பேசிய ஆறு பேரும் ராத்திரி பத்து மணிக்கு இருபது பேராகிவிடுகிறார்கள். இப்போது அந்த ஒரு ராத்திரிக்குக் காலண்டரை அடைத்துவிட்டு, நாங்களே மதுரையிலிருந்து கம்பளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கிவிடுகிறோம். வாடகை வராது. கேர்டேக்கரும் அவர் மனைவியும் அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு பூம்பாறைக்குப் போய்விடுவார்கள்.